எசன்ஸ் எது, சக்கை எது?

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். கொஞ்ச நாளாக 'எசன்ஸ்' என்கிற சொல் என்னை விடாமல் துரத்துகிறது.

நோன்பு நேரத்தில் உம்மா கடற்பாசி காய்ச்சினார். ரோஸ் எசன்ஸை அது அடுப்பில் கொதிக்கும்போதே நான் ஊற்றிவிட்டேன். "இறக்கி வச்சுட்டுல்ல ஊத்தணும், எல்லாம் பாழ்" என்று நல்ல திட்டு. பிறகு உம்மாவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் மருத்துவரிடம் காட்டினோம். சீட்டில் 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதியிருந்தார். "எசென்ஷியல்னா அவசியம்னுதானே அர்த்தம்? அவசியமான பிரஷருக்கு எதுக்கு மாத்திரை?" என்று உம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் எசென்ஷியல் அமினோ அமிலங்கள் நடத்தும்போது ஒரு பையன், "அப்ப மத்ததெல்லாம் வேண்டாததா மிஸ்?" என்றான்.

போதாததற்கு, ஒரு மனை வாங்க அக்ரிமெண்ட் போட்டிருக்கிறோம். அதில் 'டைம் இஸ் த எசன்ஸ் ஆஃப் த காண்ட்ராக்ட்' என்று ஒரு வரி. ஒரு நாள் தவறினாலும் எல்லாம் போச்சு என்று தரகர் பயமுறுத்துகிறார். சென்னையில் படிக்கிற தம்பியோ, பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர் சொன்னதாக 'சாரத்துக்கு முந்தியது இருப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறான். நம் ஊரில் சாரம் என்றால் கைலி என்பதை மறந்துவிட்டான் போல!

இத்தனைக்கும் அடியில் ஒரே பொருள் இருக்கிறதா, அல்லது ஒரே உச்சரிப்பில் பல சொற்களா? தமிழில் எல்லா இடத்திலும் 'சாரம்' என்று போட்டுக்கொண்டால் போதுமா? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

ஒரு வாசகி, பெரியபட்டினம்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உம்மா திட்டியதில் அறிவியல் இருக்கிறது. ரோஸ் எசன்ஸ் பாட்டிலில் மணப்பொருள் கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவமும் சாயமும். ரோஜா மணத்துக்கு முக்கியக் காரணமானவற்றில் ஒன்று ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். எந்த மணமும் மூக்குக்கு எட்ட வேண்டுமானால் முதலில் காற்றில் ஏறியாக வேண்டும். கொதிக்கிற பாலில் ஊற்றினால் பெரும்பகுதி அடுக்களையிலேயே ஏறிப் போய்விடும். தட்டுக்கு வந்து சேர்வது ரோஸ் நிறம் மட்டும்.

அதே தட்டில் இன்னொரு எசன்ஸும் இருக்கிறது. அதை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கடற்பாசி என்று நாம் காய்ச்சுகிற சைனா கிராஸ், அதாவது அகர் அகர். சின்னப்பாலம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்து வருகிறார்களே, அதிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் எடுப்பதுதான் அகர். பாசியைக் கழுவி, வெளுத்து, தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடிகட்டினால் அகர் தண்ணீரோடு இறங்கிவிடும். நிறம், உப்பு, கவிச்சி, நார் எல்லாம் கழிவு. கடைசியில் கையில் மிஞ்சுவதற்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிநிலைக்குக் கிட்டத்தில் கரையும், 35, 40 டிகிரிக்கு இறங்கியதும் இறுகும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலிலும் கடற்பாசித் துண்டு தட்டில் அப்படியே நிற்பது இதனால்தான்.

நீங்கள் உயிரியல் ஆசிரியர் என்பதால் ஒரு கிளைக்கதை. 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டின் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உடல் வெப்பத்தில் வைத்தால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதைத் தின்றே கரைத்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வெயில் காலத்திலும் தன் ஜெல்லி இளகாததற்குக் காரணமான அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவந்த குடும்ப நண்பர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்த சமையல் குறிப்பு அது. இன்றைக்கும் உலகம் முழுவதும் கிருமி வளர்க்கும் பெட்ரித் தட்டில் இருப்பது அதேதான். அந்த அம்மாள் பெயரில் எந்த முறைக்கும் பெயர் வைக்கவில்லை, தட்டுக்குப் பெட்ரியின் பெயர் வந்துவிட்டது. சரி, விடுங்கள்.

ஆக ஒரே தட்டில் இரண்டு. ஒன்று மணம் மட்டுமே, நிற்காது. மற்றது மணமே இல்லாதது, நகராது. இரண்டையும் சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எதையோ கழித்த பிறகு கிடைத்தவை. அதனால் எசன்ஸ் என்று எங்கே கண்டாலும் நான் முதலில் தேடுவது சக்கையை. எதைக் கழித்தார்கள், யாருக்காகக் கழித்தார்கள்? உங்கள் முதல் கேள்விக்கு இதுவே என் பதிலும். அடியில் ஒரே பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே வேலை இருக்கிறது. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கும் வேலை. பிரிக்கிற முறை துறைக்குத் துறை மாறுகிறது, சில இடங்களில் தலைகீழாகவே ஆகிவிடுகிறது.

நம் சித்த மருத்துவக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். ஓமத்தை வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், இட்டு ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்தால் தீநீர். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஓம வாட்டர் அந்த வம்சம்தான். மூலிகையைக் கொதிக்கவைத்து வற்றவைத்தால் குடிநீர், கஷாயம். சீந்தில் கொடியை இடித்துத் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்து இறுத்துக் கொட்டி, அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. பறப்பது, கரைவது, படிவது என்று மூன்றுக்கும் மூன்று பெயர். முதலாவதில் பாத்திரத்தில் தங்குவது கழிவு, மூன்றாவதில் அதுதான் மருந்து. மூன்றையும் 'சாரம்' என்று எழுதினால் வைத்தியருக்கே எதைக் கொடுப்பது என்று குழம்பிப்போகும்.

ஐரோப்பாவில் இந்தச் சொல் அடுக்களையில் பிறக்கவில்லை. ஒரு பொருள் அதுவாகவே இருப்பது எதனால் என்று அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் கேட்டதை லத்தீனில் சொல்ல வழியில்லாமல் செய்துகொண்ட சொல்தான் 'எசென்ஷியா'. அதைப் பயன்படுத்தும்போது ரோமானியத் தத்துவஞானி செனக்கா தன் கடிதம் ஒன்றில் கூச்சத்தோடு, தனக்கு முந்திய சிசரோவைத் துணைக்கு இழுத்துக்கொள்கிறார். அவ்வளவு புதிய, முரட்டுச் சொல்லாக இருந்திருக்கிறது. மண், நீர், தீ, காற்று நான்குக்கும் மேலே, வானத்து உடுக்கள் ஆன ஐந்தாவது பூதம் ஒன்று உண்டு என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. இடைக்காலத்தில் அதற்கு 'குவின்டா எசென்ஷியா', ஐந்தாம் எசன்ஸ், என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் ரூபெசிஸாவைச் சேர்ந்த யோவான் என்ற துறவி, திராட்சை மதுவைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, கெடாமல் இருக்கிற இதுதான் பூமியில் கிடைக்கும் ஐந்தாம் எசன்ஸ் என்றார். அங்கேதான் தத்துவச் சொல் வாலைக்குள் விழுந்தது. வடித்தெடுத்த எதற்கும் பிறகு அதுவே பெயராகிவிட்டது. இயற்பியல்காரர்கள் 1998-இல் அதை மறுபடி வானத்துக்கே ஏற்றினார்கள்; அண்டம் விரியும் வேகத்தைக் கூட்டும் இருள் ஆற்றலுக்கான ஒரு கருதுகோளுக்கு 'குவின்டெசன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. ரசம் என்பது முதலில் பிழிந்த சாறு, பிறகுதான் நாட்டிய மேடையின் ஒன்பது ரசம்; மிளகு ரசம் இடையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வரலாறு தெரியாததால் வருகிற ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். 'எசென்ஷியல் ஆயில்' என்பதை 'அத்தியாவசிய எண்ணெய்' என்று தமிழ்ப்படுத்தி விற்கிறார்கள். கீழக்கரையில் அத்தர் விற்கிறவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். அது எசன்ஸ் உள்ள எண்ணெய், நறுமண எண்ணெய், அவ்வளவுதான். வாழ்க்கைக்கு அவசியம் என்று எந்த உறுதியும் அதில் இல்லை. அத்தர் காய்ச்சும் பழைய முறையில் பூவையும் தண்ணீரையும் செம்புக் கொப்பரையில் ஏற்றி, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். மணம் சந்தனத்தில் தங்கிவிடும், தண்ணீர் பிரிந்துவிடும். நம் கரை மணலில் வேலியாக நிற்கிற தாழையின் பூவுக்கு ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இந்தக் கௌரவம் கிடைக்கிறது. இங்கே அது ஆட்டுக்கு வேலி.

வெனிலாவை மூன்று வாக்கியத்தில் முடிக்கிறேன். காயிலிருந்து வரும் வெனிலினும் ஆலையில் செய்யும் வெனிலினும் ஒரே மூலக்கூறு, 1874-இலேயே ஜெர்மனியில் செய்துவிட்டார்கள். காயில் அதோடு இன்னும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து ரூபாய் கேக்கில் ஆலை வெனிலினை வைத்துக்கொண்டு 'கெமிக்கல்' என்று பதறுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இப்போது உம்மாவின் பிரஷர். உம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை, ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். வயதாகி ரத்தக்குழாய் விறைக்க விறைக்க, ரத்தத்தை உள்ளே தள்ள அழுத்தம் கூடியாக வேண்டும், அதைக் குறைத்தால் ஆபத்து என்று 1930-களில்கூட எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணம் பிறகு தவறு என்று நிரூபணமானது. இன்று அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் ஒரே பொருள்தான்: சிறுநீரகக் கோளாறு, ஹார்மோன் கோளாறு என்று சுட்டிக்காட்டத் தனிக் காரணம் எதுவும் கிடைக்காத ரத்த அழுத்தம். பெரியவர்களுக்கு வருகிற ரத்த அழுத்தத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான். இந்தப் பெயரால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இப்போது 'பிரைமரி ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதுகிறார்கள். கழித்தல் இங்கேயும் நடக்கிறது. தெரிந்த காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சியதற்கு வைத்த பெயர். உம்மாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: அந்த அழுத்தம் உடம்புக்கு அவசியமில்லை, மாத்திரைதான் அவசியம். காரணம் தெரியாவிட்டாலும் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்கிற கேடு நன்றாகத் தெரியும்.

உங்கள் மாணவனின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புரதத்தில் உள்ள 20 அமினோ அமிலங்களில் ஒன்பதைத்தான் எசென்ஷியல் என்கிறோம். ஏன்? நம் உடம்பால் செய்துகொள்ள முடியாதவை அவை, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். ஆக, தத்துவக்காரனுக்கு எசன்ஸ் ஒரு பொருளின் உள்ளே, அதிலிருந்து எடுக்கவே முடியாதபடி இருப்பது. சத்துணவுக்காரருக்கு உள்ளே இல்லாதது, கடையில் வாங்க வேண்டியது. அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, மீனில் தாராளம். நம் கரையில் சோறும் சாளைக் குழம்பும் சேர்ந்தது ருசிக்காக என்றாலும் கணக்கும் சரியாகவே இருக்கிறது. மிச்சம் 11? கிளைசினை எடுத்துக்கொள்ளுங்கள். தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்குகிற கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். ஆனால் பட்டியலில் அது 'நான்-எசென்ஷியல்'. வேண்டாதது என்பதால் இல்லை. வெளியே கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்காமல் உடம்பே செய்துகொள்வதால். அந்தப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி இன்னும் நன்றாக வரும்.

தம்பியின் சார்த்தரிடம் போவதற்குள் இப்னு சீனா என்ற பழைய இஸ்லாமியத் தத்துவஞானி ஒருவர் நிற்கிறார். மன்திக், அதாவது தர்க்கம், படித்த ஆலிம் யாரையாவது கேட்டால் 'மாஹிய்யத்' என்பார்கள், 'அது என்ன?' என்ற அரபிக் கேள்வியிலிருந்தே உருவான சொல். ஒன்று என்ன என்பது வேறு, அது இருக்கிறதா என்பது வேறு என்று இப்னு சீனா பிரித்தார். குதிரைத்தன்மை என்பது குதிரைத்தன்மை மட்டுமே, குதிரை உண்டா இல்லையா என்பது அதில் எழுதியிருக்காது. படைக்கப்பட்ட எதற்கும் இருப்பு வெளியிலிருந்து தரப்பட்டது. சார்த்தர் 1945-இல் பாரிஸில் பேசிய பேச்சில் இந்த வரிசையை மனிதன் விஷயத்தில் மட்டும் திருப்பிப்போட்டார். காகிதம் வெட்டும் கத்தியைச் செய்கிறவனுக்கு அது எதற்கு என்பது முதலிலேயே தெரியும். மனிதனுக்கு அப்படித் திட்டம் போட்டவர் யாரும் இல்லை என்பது அவர் கட்சி. அதனால் மனிதன் முதலில் இருக்கிறான், என்ன என்பதைப் பிறகு தானே செய்துகொள்கிறான். கடவுளை எடுத்துவிட்டுத்தான் அந்த வாக்கியமே நிற்கிறது. தம்பி அதையும் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தானா என்று கேளுங்கள்.

என் மனசுக்கு நெருக்கமானவை நம் பக்கத்து இரண்டு. சைவ சித்தாந்தத்தில் வெளி அடையாளத்தைத் தடத்த இலக்கணம், உள்ளியல்பைச் சொரூப இலக்கணம் என்று பிரிப்பார்கள். பழைய உதாரணம் ஒன்று உண்டு. தேவதத்தன் வீடு எது என்று கேட்டால், அதோ காக்கை உட்கார்ந்திருக்கிறதே அந்த வீடு என்று காட்டுவது. அடையாளம் சரிதான், வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். காக்கை பறந்தால் வீடு போய்விடாது. படைப்பதும் காப்பதும் அழிப்பதும் இறைவனுக்குத் தடத்தம், சத்தும் சித்தும் ஆனந்தமும் சொரூபம் என்பார்கள். கடவுள் நம்பிக்கையைத் தள்ளிவைத்தாலும் கருவி நல்ல கருவி. ஒன்றை அடையாளம் காட்ட உதவுவதும் அது அதுவாக இருக்கக் காரணமானதும் ஒன்றல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக எங்கும் நான் படித்ததில்லை.

மற்றது தொல்காப்பியம். நெய்தலுக்கு முதற்பொருள் கடலும் கடல் சார்ந்த இடமும், எற்பாடு என்கிற பொழுது சாயும் நேரமும். கருப்பொருள் உப்பு, மீன், புன்னை, தாழை, கடற்காகம். உரிப்பொருள் இரங்கல். மூன்றில் எது பெரியது? 'நுவலுங் காலை முறைசிறந் தனவே' என்கிறது சூத்திரம். முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தவை. அப்புறம் ஒரு சோதனையும் வைக்கிறது: 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே.' உரியைத் தவிர எல்லாம் இடம் மாறி வரலாம். குறிஞ்சிப் பாட்டில் புன்னை வந்தால் குற்றமில்லை. கடலே வராமல் நெய்தல் பாட்டு எழுதலாம். போனவன் வரவில்லையே என்று ஏங்கும் மனம் இல்லாவிட்டால், கடலும் படகும் கருவாடும் எத்தனை வந்தாலும் அது நெய்தல் ஆகாது. எதை மாற்றினாலும் தாங்கும், எதை மாற்றினால் தாங்காது என்று கேட்டுப் பார்க்கிற இந்த முறைதான் எனக்குத் தெரிந்து எசன்ஸைக் கண்டுபிடிக்க ஆகச் சிறந்த வழி. நம் கடற்கரையைப் பற்றி வருகிற பயணக் கட்டுரைகளை இந்தச் சல்லடையில் போட்டால் முக்கால்வாசி தேறாது. பாம்பன் பாலம், தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் இடிந்த தேவாலயச் சுவர், அதன் முன்னால் ஒரு செல்ஃபி. எல்லாம் கரு.

ஆனால் தொல்காப்பியத்தின் சோதனை பாட்டுக்குச் சரி. வாழ்க்கையில் 'எது மாறினால் தாங்காது' என்பதை யார் சொல்வது என்கிற தகராறு வரும். அதற்கு நம் கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, கப்பாஃபைகஸ் பாசி. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் பரப்பியதால் ஊருக்குள் 'பெப்சி பாசி' என்றே பெயர். 45 நாளில் அறுவடை. முன்பெல்லாம் மணலில் வலை விரித்து வெயிலில் காயப்போடுவார்கள். பத்துக் கிலோ பாசி ஒரு கிலோவாக வற்றும். ஆலைக்கு வேண்டியது அந்த ஒரு கிலோவிலுள்ள காராஜீனன், ஐஸ்கிரீமையும் பற்பசையையும் பிரியாமல் பிடித்து வைக்கிற பொருள். போன ஒன்பது கிலோ தண்ணீரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மண்டபத்தில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார் பாசியைக் காயவைக்காமல், பச்சையாகவே அரைத்து வடிகட்டிப் பார்த்தார்கள். வடிந்த சாற்றில் பொட்டாசியமும் நுண்சத்துகளும் பயிர் ஊக்கிகளும் இருந்தன. அதை நீர் கலந்து பயிருக்குத் தெளித்தால் விளைச்சல் கூடியது. இன்று அது பாட்டிலில் அடைத்து விற்கிற சரக்கு. வடிகட்டியில் தங்கிய குருணையிலிருந்து வழக்கம்போலக் காராஜீனன். அரவை இயந்திரத்தின் இந்தப் பக்கம் நிற்கிற உரக்கம்பெனிக்காரருக்குச் சாறுதான் எசன்ஸ், குருணை சக்கை. அந்தப் பக்கம் நிற்கிற காராஜீனன் ஆலைக்காரருக்குக் குருணைதான் எசன்ஸ், சாறு வெறும் தண்ணீர். பாசியின் உண்மையான சாரம் எது என்று இருவரையும் உட்காரவைத்துப் பட்டிமன்றம் நடத்தினால் விடியாது. கடலுக்குள் இருக்கும் மீன்குஞ்சைக் கேட்டால் முழுப்பாசியையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லும்.

வாலிநோக்கம் உப்பளத்திலும் இதே கதைதான். கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும், பிறகு உப்பு. அதற்கப்புறம் மிஞ்சுகிற மக்னீசியக் கசப்பு நீர் உப்புக்காரருக்குக் கழிவு. வேதித் தொழிற்சாலைக்கு அந்தக் கசப்பு நீர்தான் புரோமினும் மக்னீசியமும்.

அதனால் எல்லா இடத்திலும் 'சாரம்' என்று போட்டால் போதுமா என்றால், போதாது. பாட்டிலில் இருப்பதை எசன்ஸ் என்றே எழுதுங்கள், கடைக்காரருக்கும் அதுதான் தெரியும். வடித்தது தீநீர். அமினோ அமிலத்துக்கு 'இன்றியமையாத' என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நல்ல சொல். ஆனால் மற்றதை 'இன்றியமையும்' என்று சொல்லிவிட்டுப் போகாமல், 'உடம்பே செய்துகொள்வது' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு 'காரணம் தெரியாத' என்பதே நேர்மையானது. ஒரு பேச்சின் மையக் கருத்துக்குச் சாரம், சாராம்சம் இரண்டும் பழகியவை, இருக்கட்டும். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரமும் ஈயம் பூசுகிற நவச்சாரமும் இடுப்பில் கட்டுகிற சாரமும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது, இன்னும் ஆள் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக அக்ரிமெண்ட். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, உங்கள் பணம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்வது இது: குறித்த காலத்துக்குள் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர் என்பது இரு தரப்பாரின் எண்ணமாக இருந்தால், காலம் தவறும்போது மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். எண்ணம் அப்படி இல்லையென்றால் ரத்து செய்ய முடியாது, தாமதத்தால் வந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். எசன்ஸ் என்று எழுதிவிட்டதாலேயே அது எசன்ஸ் ஆகிவிடாது. மொத்தப் பத்திரத்தையும் சூழ்நிலையையும் வைத்துத்தான் நீதிமன்றம் எண்ணத்தைப் படிக்கும். கெடு தவறினால் மாதம் இவ்வளவு வட்டி என்று அதே பத்திரத்தில் இன்னொரு வரி இருந்தால், காலம் அத்தனை முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள அதுவே இடம் கொடுக்கும். நிலம், வீடு விற்பனையில் காலமே உயிர் என்று தானாக அனுமானிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1992-இல் சொன்னது. அதை நம்பி அசந்துவிடாதீர்கள். மனை விலை ஏறுகிற வேகத்தில் அந்தப் பழைய பார்வையை மறுபடி யோசிக்க வேண்டும் என்று 2011-இல் அதே நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. தரகர் சொல்வது போல ஒரே நாளில் எல்லாம் போய்விடாது, ஆனால் தாமதம் உங்கள் பக்கம் இருந்தால் நிலைமை பலவீனம்தான்.

வழக்கு என்று வந்தால், கிரயத்தை முடிக்க நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மீதிப் பணம் வங்கியில் இருப்பது கணக்குப் புத்தகத்தில் தெரியட்டும். கெடுவுக்குச் சில வாரம் முன்பே, பணம் தயார், கிரயத்துக்கு எந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகம் வரட்டும் என்று கேட்டு விற்பவருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் ஒன்று அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும் ஒப்புகையைத் தரகரிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்